முள்ளெடுக்க ஏழு டன்

சிறுசேரியில் ஒரு துண்டு நிலத்தை முள் நீக்கித் திருத்த வேண்டும் என்றால், எழுபதுகளில் அதற்குக் காசு கொடுக்கிற வழக்கமே கிடையாது. வாங்குகிற வழக்கம்தான் உண்டு. பெரியப்பா ஏரிக்கரையில் நின்று, "மேலண்டைக் கொல்லையிலே வேலிக்காத்தான் மண்டிக் கெடக்குது, வேணுங்கிறவங்க வெட்டிக்குங்க" என்று யாரிடமாவது சொல்லிவிட்டு வந்தால் போதும், மறுநாள் விடியும்போது கொடுவாளும் கோடாலியுமாக நாலைந்து குடும்பம் வந்து நிற்கும். வெட்டுகிறவர்களுக்கு விறகு, மூட்டம் போடுகிறவருக்குக் கரி, மிளாறெல்லாம் அடுத்த கொல்லைக்கு வேலி, எங்களுக்கு நிலம். கரிக்காரர் மட்டும் கணக்கு முடித்துக் கிளம்பும்போது கொஞ்சம் பணத்தைப் பெரியப்பா கையில் வைத்து அழுத்துவார். "எதுக்குப்பா இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா அதை மடியில் செருகிக்கொள்வார். இன்றைக்கு அதே கொல்லையில் அதே முள்ளை எடுக்க நான் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுக்கிறேன், ஓட்டுகிற தம்பிக்குப் பேட்டா கொடுக்கிறேன், மதியத்துக்குப் பிரியாணி வாங்கிக் கொடுக்கிறேன், எடுத்துப் போட்ட முள்ளை அள்ளிப் போக லாரிக்குத் தனியாக அழுகிறேன். நாடு பொருளாதாரத்தில் எங்கேயோ போய்விட்டது என்கிறார்கள். போயிருக்கத்தான் வேண்டும், என் சட்டைப்பை வழியாகத்தான் போகிறது.

இன்றைய சிறுசேரியை மட்டும் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் வேறு தேசத்துக் கதையாகத் தோன்றும். மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை இருபது கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலை திறந்தது 2008-ல். அதற்கு முன்னால் அது பழைய மகாபலிபுரம் சாலை. கேளம்பாக்கத்து உப்பு லாரி எதிரே வந்தால், எங்கள் 19பி பஸ் ஒரு பக்கத்துச் சக்கரங்களை மண்ணில் இறக்கி, நாணிக்கோணி வழிவிடும். இறங்குகிற இடத்தில் ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய வரை முள். இப்போது அந்த முள் இருந்த திசையில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா. உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட் வரைந்து கொடுத்த டிசிஎஸ் வளாகம் வானத்திலிருந்து பார்த்தால் பட்டாம்பூச்சிகளாகத் தெரியும் என்கிறார்கள். (தரையிலிருந்து பார்ப்பவனுக்கு வண்டி நிறுத்த இடம் தெரிந்தால் போதும்.) மாதவரத்தில் புறப்படப் போகும் மெட்ரோ ரயிலும் நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஓடி சிறுசேரி சிப்காட்டில்தான் வந்து நிற்கப் போகிறது. இவ்வளவும் வந்த பிறகும், வேலி போட்ட காலி மனைகளுக்குள் எட்டிப் பார்த்தால், அங்கே மாறாமல் இருக்கிறது நம்முடைய பழைய வேலிக்காத்தான்.

அதுவும் நம்முடையது இல்லை. மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் பிறந்த சீமைக் கருவேலம் அது. ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து 1877-ல் கடப்பைப் பக்கம் ஊன்றினார்கள், அன்றைய சென்னை மாகாணத்து வனத்துறையினர். மழை இல்லாத ஊரில் அடுப்பெரிய ஒரு மரம் வேண்டும் என்பது அவர்கள் கவலை. கவலை தீர்ந்தது, அளவுக்கு மேலேயே தீர்ந்தது. காய் இனிப்பு, ஆடு தின்னும், மாடு தின்னும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற நாங்களும் மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்புவோம். ஆடு போகிற இடமெல்லாம் எருவோடு சேர்த்து விதையையும் போட்டுக்கொண்டே போகும். இவ்வளவு ஒழுங்காக வேலை செய்த விரிவாக்கப் பணியாளரை எந்த அரசாங்கமும் அதற்குப் பின் கண்டதில்லை.

கையால் முள் வெட்டுவதை நீங்கள் பார்த்திருந்தால் நான் விவரிக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. டயர் அறுத்துத் தைத்த செருப்புதான் முதல் கருவி. அடுத்தது கவைக்கோல், நுனியில் கவடு விட்ட ஆளுயரக் கம்பு. இடது கையால் அதைப் புதரில் கொடுத்துக் கிளையை அமுக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வலது கையின் கொடுவாளை அடித்தூருக்குச் சாய்த்து இறக்க வேண்டும். வெட்டுவதைவிடத் தள்ளிப் பிடிப்பதுதான் வித்தை. அடிமரம் விழுந்த பிறகு கடப்பாரையும் மண்வெட்டியும் வேருக்கு இறங்கும். ஏனென்றால் இந்த மரத்தை மேலோடு வெட்டினால் அது சாவதில்லை, ஒன்றுக்கு ஏழாகத் துளிர்த்து வரும். தூரைத் தோண்டி வேர்க்கட்டையோடு பிடுங்கினால்தான் உண்டு. வேர்க்கட்டைதான் நல்ல கரியும் கொடுக்கும் என்பதால் யாரும் சொல்லாமலேயே தோண்டினார்கள். எங்கள் நன்மையும் அவர்கள் நன்மையும் ஒரே வேரில் இருந்த காலம்.

அதைவிட முக்கியம், எதை வெட்டக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கடற்கரைப் புதர்க்காட்டில் முள்ளோடு முள்ளாகக் களா இருக்கும், சூரை இருக்கும், காரை இருக்கும், ஈச்சை இருக்கும். களாச்செடியைச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்து, அதை மட்டும் விட்டுவிட்டு அப்பால் போவார்கள். கறுத்துப் பழுத்த களாப்பழத்தை உப்புத் தொட்டுத் தின்றவர்கள் இந்த வரியில் கொஞ்சம் நின்று எச்சில் விழுங்கலாம், நான் காத்திருக்கிறேன். கௌதாரி முட்டையிட்டிருந்தால் அந்தப் புதருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆயுள். பாம்புப் புற்று என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். இருளர் குடியிருப்பிலிருந்து தாத்தா ஒருவர் வர வேண்டும். வருவார், குனிந்து மண்ணைப் பார்ப்பார், "இது காலி, எலிதான் குடியிருக்குது" என்றோ, "கண்ணாடி விரியன், இருங்க" என்றோ சொல்வார். அவர் சொன்னது பொய்த்து நான் பார்த்ததில்லை. 1978-ல் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, நாகம், விரியன் வகைகளிலிருந்து விஷம் எடுத்து மருந்துக்குக் கொடுக்க ஆரம்பித்ததும், 2023-ல் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்ததும் ஊருக்குத் தெரியும். எங்கள் கொல்லைக்கு அந்த அறிவு ஒரு வெற்றிலைச் செலவில் வந்து போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில்தான், எண்பதுகளின் தொடக்கத்தில், பெல்பாட்டம் பேண்ட் அணிந்த ஓர் இளைஞன் இயந்திர யுகத்தைக் கொண்டுவரப் புறப்பட்டான். அண்ணா சாலையில் ஒரு டிராக்டர் கடையில் இலவசமாகக் கொடுத்த வண்ணப் புத்தகங்களைக் கத்தை கத்தையாகச் சேர்த்து வைத்திருந்தான். செம்பியத்தில் டாஃபே ஆலையில் 1960-களிலிருந்து மாசி பெர்குசன் டிராக்டர் தயாரிக்கிறார்கள் என்பதும், அந்தப் பெர்குசன் அயர்லாந்துக்காரர் என்பதும், டிராக்டரின் பின்புறம் மூன்று இடத்தில் கொக்கி கொடுத்து எந்தக் கருவியையும் மாட்டிக் கழற்றும் ஏற்பாடு அவருடைய மூளையில் உதித்தது என்பதும் அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். டிராக்டர் ஓட்ட மட்டும் தெரியாது. டீக்கடை பெஞ்சில் அமர்ந்து அவன் உரை நிகழ்த்துவான்: பின்னால் கலப்பை, தேவைப்பட்டால் அதைக் கழற்றிவிட்டுப் புதர் வெட்டும் கத்தி, முன்னால் அள்ளும் தொட்டி, ஒரே வண்டி, ஒரே ஆள், சிறுசேரி முழுவதும் ஒரு வாரத்தில் வெட்டவெளி! பெல்பாட்டத்தின் அகலத்தில் வேலிக்காத்தான் முள் கொத்தாக மாட்டியிருந்தது உரைக்கு இடையூறாக இருக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட இருளர் தாத்தா, டீக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அது பாம்பைப் பாக்குமா தம்பி?"

வண்ணப் புத்தகத்தில் அதற்குப் படம் இல்லை.

அந்த இளைஞனின் கனவு பலித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை. கொஞ்சம் தாமதம், கொஞ்சம் மஞ்சள் நிறம். இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்போர்டு என்பவர் 1945-ல் தமக்குப் பிள்ளை பிறந்த அன்றே ஒரு கொட்டகையில் தொடங்கிய கம்பெனி, 1979-ல் கூட்டாளியோடு இந்தியாவுக்குள் வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்தி ஆபீஸ்கள் எழும்ப ஆரம்பித்தபோது, முன்னால் அகலத் தொட்டியும் பின்னால் மடங்குகிற கையுமாக அந்த வண்டிகள் எங்கள் பக்கம் வந்து இறங்கின. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஊருக்கு அது ஜேசிபிதான். முதல் வண்டி மண்ணைத் தோண்டிய அன்று ஊரே நின்று பார்த்தது. ஆபீசுக்குப் போகிறவன் பைக்கை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தான். 2019 மே மாதத்தில் ஜேசிபி தோண்டுவதைக் கூட்டம் கூடிப் பார்க்கிறவர்களைக் கேலி செய்து நாடெங்கும் படங்கள் பறந்தபோது நான் சிரிக்கவில்லை. கவைக்கோல் வித்தையை மணிக்கணக்கில் நின்று பார்த்த ஊர் அது. பார்ப்பதற்கு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது முள் எடுப்பதென்றால் யோசிக்க வேண்டியது ஆளை அல்ல, எதை மாட்டிக்கொண்டு வருவது என்பதை. தாழம்பூர் போகிற வழியில் வண்டிகள் வரிசையாக நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே எனக்கு வாடிக்கையான தம்பி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். மருத்துவர் மாதிரி முதலில் கேள்விதான் கேட்பார். "முள்ளா, புல்லா, ரப்பீஸா சார்?"

வெறும் புல், கோரை, விரல் தடிமனுள்ள செடி என்றால் ஜேசிபியே வேண்டாம், டிராக்டருக்குப் பின்னால் சுழல் கத்தி மாட்டினால் அரை நாளில் மழித்துவிடும். ஆனால் வேலிக்காத்தானில் அந்தக் கத்தியை விட்டால் அடிக்கட்டைகள் சீவிவிட்ட ஈட்டியாக நிற்கும், டிராக்டர் டயரில் பஞ்சர் போட்டு மாளாது, அடுத்த மழைக்கு ஒவ்வொரு கட்டையும் புதராகும். டிராக்டரின் முன்னால் லோடர் மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. வாடகை குறைவு என்று கூப்பிட்டுவிடக் கூடாது. முன் தொட்டியில் பாரம் ஏறினால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். அதற்காகவே பின்னால் ரோட்டவேட்டரை வெறுமனே தூக்கி மாட்டிக்கொண்டு எடைக்கு நிற்பார்கள். உழாத ரோட்டவேட்டர் ஒன்று நாள் முழுக்கச் சம்பளம் வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு என் ஆபீஸ் நாட்கள் ஞாபகம் வரும்.

ஜேசிபியிலும் விஷயம் இருக்கிறது. முன் தொட்டி கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல் கொள்ளும், பின் தொட்டி கால் கன மீட்டர். அவசரக்காரர்கள் முன் தொட்டியால் முள்ளைத் தள்ளச் சொல்வார்கள். பார்க்க வேகமாக இருக்கும், பத்து நிமிஷத்தில் நிலம் வெளுத்துவிடும். ஆனால் தொட்டி முள்ளோடு சேர்த்து மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு போய் மூலையில் குவிக்கும். மண் கலந்த முள் காயாது, லாரிக்காரர் ஏற்ற மாட்டார், நல்ல மண் போன இடத்தில் மழை பெய்தால் குளம். நிதானக்காரர்கள் பின் கையில் பல் வைத்த சின்னத் தொட்டியை மாட்டச் சொல்லி, ஒவ்வொரு தூராகத் தோண்டி வேரோடு கெல்லி எடுப்பார்கள். நேரம் கூடும், மீட்டர் ஓடும், ஆனால் திரும்ப முளைப்பது குறையும். தொட்டிக்குப் பதில் விரல்விரலாக இருக்கிற கவ்வியும் உண்டு. கரும்பு ஏற்றுகிற ஊர்களில் அதைப் பார்க்கலாம். முள்ளை அள்ளி உலுக்கினால் மண் விரலிடுக்கில் கொட்டிவிடும், முள் மட்டும் லாரிக்குப் போகும். எங்கள் பக்கத்தில் அது கிடைப்பது அபூர்வம். இடித்த கட்டடத்து ரப்பீஸ் என்றால் வாய் பிளக்கிற தொட்டி, கான்கிரீட் என்றால் பிரேக்கர். இத்தனையும் சொல்லிவிட்டுத் தம்பி, "எதுவானாலும் மினிமம் மூணு மணி நேரம் சார், வர்ற நேரமும் சேத்து" என்பார்.

கவைக்கோலின் சூட்சுமமும் கவ்வியின் சூட்சுமமும் ஒன்றுதான் என்று அவரிடம் ஒருநாள் விளக்கப் போனேன். முள்ளைப் பிடி, மண்ணை விடு, கையைத் தள்ளி வை. அவர் கேட்டுக்கொண்டே போனில் ஜிபே வந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெல்பாட்டம் போட்டவனுக்கு இருளர் தாத்தா கொடுத்த மரியாதையே அதிகம் என்று தோன்றியது.

நன்மை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வார்தா புயல் அடித்த மறுநாள் தாம்பரத்தில் எங்கள் தெருவின் இரண்டு முனையிலும் தூங்குமூஞ்சி மரங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லை, பால் இல்லை, பக்கத்துத் தெருவில் பிரசவத்துக்கு நாள் குறித்த பெண் ஒருத்தி. கொடுவாளோடு கிளம்பிய நாங்கள் சில சில்லறைக் கிளைகளை வெட்டி, பெருமையாக வியர்த்து நின்றபோது, ஒரு மஞ்சள் வண்டி வந்து அடிமரத்தைத் தொட்டியால் தூக்கி ஓரம் வைத்துவிட்டு, நின்று பேசக்கூட நேரமில்லாமல் அடுத்த தெருவுக்குப் போயிற்று. அன்றைக்கு அந்த வண்டிக்குக் கற்பூரம் காட்டாததுதான் பாக்கி.

அடுத்த சில வாரங்களிலேயே அதற்கு இன்னும் பெரிய யோகம். வைகோ தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றியே தீர வேண்டும் என்று ஆட்சியர்களை விரட்ட, 2017 தொடக்கத்தில் மாநிலத்தில் எங்கே திரும்பினாலும் தோண்டல். அதிகாரிகள் வண்டியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து முள்மரம் ஒன்று நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்தது அப்போதுதான். ஏப்ரலில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. அகற்றுவதால் வரும் விளைவுகளை ஆராய வேண்டும் என்றார்கள். நூற்று நாற்பது வருஷத்துக்கு முன் நட்டபோது ஆராய்ந்திருந்தால் இத்தனை வக்கீல்களுக்குச் செலவில்லை. தடை, விசாரணை, குழு என்று அது நடந்துகொண்டிருந்தபோது மழை பெய்தது. வேலிக்காத்தான் யாரையும் கேட்காமல் துளிர்த்தது.

எனக்கு இதில் புரியாதது வேகம் இல்லை. வேகத்தை எதற்குச் சேமிக்கிறோம் என்பதுதான். அந்த நாளில் கொல்லையைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும், ஆனால் திருத்தி முடித்த கையோடு கேழ்வரகோ வேர்க்கடலையோ போட்டுவிடுவார்கள். முள்ளுக்கு மறுபடி தலைகாட்ட நேரம் இருக்காது. இப்போது மூன்று மணி நேரத்தில் திருத்திவிடுகிறோம், அப்புறம் மூன்று வருஷம் சும்மா போட்டு வைக்கிறோம். மேலண்டைக் கொல்லை இப்போது பெரியப்பா பேரனின் மனை. பேரன் நியூ ஜெர்சியில். வருஷா வருஷம் கார்த்திகை மழை ஓய்ந்ததும் அவனுக்குச் செயற்கைக்கோள் படத்தில் மனை பச்சையாகத் தெரிந்துவிடும், உடனே வாட்ஸ்அப்பில் கூப்பிடுவான்: "சித்தப்பா, யாராவது வாங்க வந்தா நல்லாருக்காது, கொஞ்சம் க்ளீன் பண்ணிடுங்க." நானும் தாழம்பூருக்குப் போவேன். உழ இல்லை, கட்ட இல்லை, ஏழு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டி அங்கே வருவது படம் எடுப்பதற்கு. சுத்தமான பிறகு நாலு மூலைக்கல்லும் தெரிகிற மாதிரி நான் எடுத்து அனுப்புவேன், அவன் கட்டைவிரல் அனுப்புவான்.

இந்த வருஷம் கட்டைவிரல் வரவில்லை. போனே வந்தது. "சித்தப்பா, ரொம்ப மொட்டையா இருக்கே. அந்த மூலையில களாச்செடி ஒண்ணு இருக்கும்னு அப்பா சொல்வாரு. அதையாவது விட்டிருக்கலாமே?"

"அது போயி வருஷமாச்சுப்பா."

"அப்ப ரெண்டு களா, ஒரு வேம்பு, புதுசா வெச்சிடுங்க. நான் ஜிபே பண்றேன்."

 கேளம்பாக்கத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவரிடம் போனேன். வேம்பு இருக்கிறது, களா சொல்லி வைத்தால் வரும், விலை கொஞ்சம் கூட, ஏனென்றால் இப்போது அது அபூர்வச் செடியாம். குழியெடுக்கக் கடப்பாரை, மண்வெட்டியோடு ஒரு ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். ஆளுக்கு எங்கே சார் போறது என்றவர், டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற திருகு ஒன்று இருப்பதாகவும், ஒரு நிமிஷத்துக்கு ஒரு குழி போடும் என்றும் சொன்னார். மூன்று குழிக்கு வருமா?

"வரும் சார். ஆனா மினிமம் உண்டு. ஒம்போது இஞ்சா, பன்னெண்டா, பதினெட்டா, அத மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க."